கொஞ்சம் தள்ளி உக்காருங்க

கருப்பூரணியிலிருந்து டவுனுக்குப் போகும் எட்டேகால் மணி மினிபஸ்ஸில், இரண்டு பேர் உட்காரும் சீட்டில் இருபத்து மூன்று பேர் உட்கார்ந்து போன காலம் ஒன்று உண்டு. அதுவும் ஒருத்தர் முழங்கை ஒருத்தர் மேல் படாமல், ஜன்னலோரக்காரர் வாயைத் திறந்து தூங்க, நடுவில் இருப்பவர் பூக்கட்ட, ஓரத்தில் இருப்பவர் காலை நீட்டிக்கொண்டு போன காலம். இப்போது அந்த ஊர்க்காரர்களிடம் போய்க் கேட்டால் "ஆமா, போனோம், அதுக்கென்ன இப்பம்?" என்பார்கள், ஐப்பசியில் மழை பெய்ததைச் சொல்வதுபோல. அதெல்லாம் ஆவுடைத்தாயால் வந்தது.

ஆவுடைத்தாய்க்கு ஐம்பத்து நாலு வயது. டவுனில் வத்தல் மூட்டை அடுக்கிய கிட்டங்கியில் மிளகாய்க்குக் காம்பு கிள்ளுகிற வேலை. எத்தனை சோப்புப் போட்டுத் துவைத்தாலும் சேலையில் வத்தல் நெடி போகாது. பஸ்ஸில் அவள் ஏறுமுன் நெடி ஏறும், நெடி ஏறியதும் முன் சீட்டில் யாராவது தும்முவார்கள், தும்மல் கேட்டதும் கண்டக்டர் கொம்பையா "வந்தாச்சுய்யா ஆவுடையக்கா" என்பான். அந்த "வந்தாச்சு" இருக்கிறதே, அதைக் கேட்கத்தான் அவள் காலையில் எழுந்திருப்பதே.

ஏறினால் காலியாகக் கிடக்கும் சீட்டில் உட்காருவாளா என்றால், மாட்டாள். பின்னால் ஒரு சீட்டு முழுசாகக் கிடந்தாலும் அந்தப் பக்கம் திரும்ப மாட்டாள். ஏற்கெனவே இரண்டு பேர் உட்கார்ந்திருக்கும் சீட்டாகப் பார்த்து, "கொஞ்சம் தள்ளி உக்காருங்க தாயீ" என்று சொல்லி, சொல்லி முடிப்பதற்குள் இடுப்பை நடுவில் கொடுத்து இறங்கிவிடுவாள். இறங்கியபிறகு வாய் சும்மா இருக்குமா? இன்னைக்கு என்ன குழம்பு, இந்த ஜாக்கெட்டு எங்கே தைத்தது, தலையில் என்ன இப்படிப் பூ வாடிக் கிடக்கிறது என்று கேட்டுக்கொண்டே பூவைத் திருப்பி வைப்பாள், சடையைத் தூக்கி முன்னால் போடுவாள், அடுத்தவர் செல்போனில் வந்திருக்கும் படத்தை எட்டிப்பார்த்து "இது யாரு, ஒங்க கொழுந்தனா, மூக்கு அப்படியே இருக்கே" என்பாள். ஒரு தடவை ஜெபசீலி டீச்சரின் காதில் இருந்த பாட்டுக் கேட்கிற ஒயரில் ஒன்றைப் பிடுங்கித் தன் காதில் வைத்துக்கொண்டு டவுன் வரைக்கும் தலையாட்டிக்கொண்டே போனாள்.

டீச்சருக்கு அன்றைக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமில்லை. டவுன் பள்ளிக்கூடத்தில் கணக்குச் சொல்லிக்கொடுக்கிறவர், நாற்பது வயது, வீட்டில் அளந்து பேசுகிறவர், தன் சேலை மடிப்பில் அடுத்தவர் விரல் பட்டால் முகம் சுண்டிப்போகும். ஆவுடைத்தாய் ஏறுவது தெரிந்தால் தன் கறுப்பு ஹேண்ட்பேக்கை எடுத்துப் பக்கத்தில் நட்டக்குத்தலாக வேலி மாதிரி வைப்பார். ஆவுடைத்தாய் அந்த வேலியை ஒட்டி உட்கார்ந்து, வேலிக்கு மேலாகத் தலையை நீட்டி, "டீச்சர், இன்னைக்கு என்ன கொழம்பு?" என்பாள். ஐந்து வருசத்தில் டீச்சர் ஒரு நாளாவது பதில் சொன்னதில்லை. ஆவுடைத்தாயும் ஒரு நாளாவது கேட்காமல் விட்டதில்லை.

ஏன் இப்படி என்று கேட்டால், அவள் பிறந்தது ஒரே பாயில் ஒன்பது பொம்பளைப்பிள்ளைகள் படுத்த வீடு. ஒருத்தி புரண்டால் ஒன்பது பேரும் புரளவேண்டும். யார் கால் யார் மேல் கிடக்கிறது என்பது விடிந்தால்தான் தெரியும். கடைசிப் பிள்ளைக்கு என்று அங்கே யாரும் இடம் போட்டு வைக்கவில்லை. சாப்பாடானாலும் சரி, படுக்கையானாலும் சரி, இருக்கிற இரண்டு பேருக்கு நடுவில் இடுப்பைக் கொடுத்து அவளே பண்ணிக்கொண்டதுதான். அப்படி வளர்ந்தவளைக் கொண்டுபோய் மூன்று அறை வீட்டுக்காரர் ஒருத்தருக்குக் கட்டிவைத்தார்கள். நல்ல மனுசன்தான், சத்தம் மட்டும் ஆகாது. ஒரு அறையில் அவர், ஒரு அறையில் இவள், ஒரு அறையில் யாருமில்லை. அவர் போய்ச் சேர்ந்து பதினோரு வருசமாகிறது. பிள்ளைகுட்டி கிடையாது. கிட்டங்கியிலோ ஆளுக்கொரு குவியல், வாயில் துணியைக் கட்டிக்கொண்டு வேலை, பேசினால் தூசி தொண்டையில் ஏறும். ஆக, மனுச உடம்பின் சூடு என்று ஒன்று அவள் மேல் பட வேண்டுமென்றால் அது போக ஒரு முக்கால் மணி, வர ஒரு முக்கால் மணி, அந்த மினிபஸ்ஸில்தான்.

சும்மா சொல்லக்கூடாது, நாலு பேர் முகம் சுளிக்கிற இடத்துக்கு மறுநாளும் சிரித்துக்கொண்டே போய் நடுவில் உட்காருகிற துணிச்சல் எத்தனை பேருக்கு வரும்? எல்லாருக்கும் அந்த ஆசை உள்ளுக்குள் கிடக்கத்தான் செய்கிறது. நமக்கு ஆசை இருக்கிறது, ஆவுடைத்தாயின் இடுப்பு இல்லை.

அது நடந்தது ஆவணி மாதத்து முகூர்த்த நாள் ஒன்றில். ஊரில் பாதிப்பேர் டவுனில் கல்யாணத்துக்குக் கிளம்பியிருந்தார்கள். பஸ்ஸில் ஈ நுழைய இடமில்லை. ஆவுடைத்தாய் கூட்டத்தைப் பிளந்துகொண்டு போய், ஜெபசீலி டீச்சரும் தையற்காரர் பெண்சாதி முத்துக்கனியும் இருந்த சீட்டுக்கு முன்னால் நின்று, வழக்கம்போல "கொஞ்சம் தள்ளி உக்காருங்க தாயீ" என்றாள். அவர்கள் தள்ளினார்கள். இவள் உட்கார்ந்தாள். உட்கார்ந்தபிறகு பார்த்தால் இந்தப் பக்கம் ஒரு ஆள், அந்தப் பக்கம் ஒரு ஆள் உட்காருகிற அளவுக்கு இடம் மிச்சம் கிடந்தது. "ஏட்டி, நிக்கவளே, வந்து உக்காரேன்" என்று ஒருத்தியைக் கூப்பிட்டாள். அவள் வந்து உட்கார்ந்தாள், இடம் கிடந்தது. இன்னொருத்தி பிள்ளையோடு உட்கார்ந்தாள், இன்னும் கிடந்தது. ஒன்பதாவது ஆள் உட்காரும்போது ஜெபசீலி டீச்சர் குனிந்து சீட்டைப் பார்த்துவிட்டு, "இன்னும் மூணு பேர் உக்காரலாம் போல" என்று சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். கணக்கு டீச்சர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று மூன்று பேர் வந்து உட்கார்ந்தார்கள்.

வெளியிலிருந்து பார்த்தால் பஸ் அதே பஸ்தான். அதே பச்சை, அதே நசுங்கிய பின்பக்கம். உள்ளேதான் நீளம் போட்டுவிட்டது. கொம்பையா டிக்கெட் போட்டுக்கொண்டு பின்னால் போய்த் திரும்ப ஒரு டீ குடிக்கிற நேரம் ஆனது, ஆவணி முடிவதற்குள் ஒரு குளியல் போடுகிற நேரம் ஆனது. பின்னாலிருந்து அவன் ஊதுகிற விசில் டிரைவருக்கு எட்டவில்லை என்று மணிக்கயிற்றை நீளமாக்கினார்கள். கயிறு தொய்ந்து போகிறவர் வருகிறவர் கழுத்தில் மாட்டியதால் நடுவில் நாலு இடத்தில் கொக்கி அடித்தார்கள். ஜனங்களின் புகார் என்னவென்றால், பின்னால் காற்று வரவில்லை, அவ்வளவுதான். பின்பக்கத்து ஆட்கள் தங்களுக்குள் தனிச் சேக்காளிக் கூட்டம் ஆனார்கள்; முன்பக்கத்துச் செய்தி அவர்களுக்கு மறுநாள்தான் போய்ச் சேரும். பின்பக்கத்துப் பையன் ஒருத்தனுக்கு முன்பக்கத்துப் பெண் ஒன்றைப் பேசி முடித்தபோது, பெண்ணின் அம்மா "அம்புட்டுத் தொலைவுலயா குடுக்கணும்?" என்று கண்ணைக் கசக்கினாள். இரண்டு பேர் வீடும் ஒரே தெருதான்.

டிக்கெட் பரிசோதகர் ஒருத்தர் ஒரு நாள் ஏறினார். எண்ணிக்கொண்டே போனார், நூற்று நாற்பது வரை எண்ணினார், இறங்கிப்போய் ரோட்டில் நின்று பஸ்ஸை இந்த மூலையிலிருந்து அந்த மூலைவரை பார்த்தார், தண்ணீர் வாங்கிக் குடித்தார், "முப்பது" என்று எழுதிக்கொண்டு போய்விட்டார்.

அதே நாட்களில் ஆவுடைத்தாயின் வீடு சிறுத்துக்கொண்டு வந்தது. முதலில் நடு அறை ஒரு சாண் குறைந்தது, பிறகு அடுத்த அறை ஒரு முழம் குறைந்தது, கார்த்திகையில் மூன்று அறையும் சேர்ந்து ஒரே அறையாகி, பாயை விரித்தால் இரண்டு பக்கமும் சுவரில் மடங்கி நின்றது. கட்டிலில் உட்கார்ந்தபடியே அடுப்பைப் பற்றவைக்கலாம், கையை நீட்டினால் வாசல் கொண்டி. அவளுக்கு அதில் ஒரு வருத்தமும் இல்லை. ராத்திரி புரண்டு படுத்தால் முதுகில் சுவர் இடித்தது; அக்கா ஒருத்தி பக்கத்தில் கிடப்பதுபோல இருந்தது. நன்றாகத் தூங்கினாள்.

ஊர் அவளைக் கையோடு கூட்டிக்கொண்டு திரிந்தது. கல்யாண வீட்டில் பந்தி நெருக்கடி என்றால் ஆவுடைத்தாயைக் கொண்டுபோய் இரண்டு இலைக்கு நடுவில் விட்டார்கள். அவள் "கொஞ்சம் தள்ளி உக்காருங்க" என்றதும் ஐம்பது இலை விழுகிற வரிசையில் முந்நூறு இலை விழுந்தது. ஒரு சந்துக்காக நாலு வருசம் பேசாதிருந்த அண்ணன் தம்பி இருவரையும் வாசலில் உட்காரவைத்து, அவள் நடுவில் போய்ச் சொருகி உட்கார்ந்து, "என்ன கொழம்பு?" என்று இரண்டு பேரிடமும் கேட்டாள், அவள் எழுந்தபோது மாட்டுவண்டி போகிற அகலத்துக்குச் சந்து கிடந்தது. இன்ன இடத்தில்தான் இது நடக்கும் என்றில்லை, எங்கும் நடந்தது. ஆனால் ஒன்று, இரண்டு பேர் இருக்கவேண்டும், அவர்கள் நடுவில் அவள் போய் இடித்து உட்காரவேண்டும். அதை யாரும் யோசித்துப் பார்க்கவில்லை. யோசித்திருந்தால் அடுத்தது நடந்திருக்காது.

பங்குனிப் பொங்கலுக்கு ஊர்க்கூட்டம் போட்டபோது, "இம்புட்டுச் செஞ்ச பொம்பளைக்கு நாம ஒரு மரியாதை செய்ய வேண்டாமா?" என்று ஒருத்தர் எழுந்து கேட்டார். அதுதான் வினை. மரியாதை என்றால் நம்மவர்களுக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்று, ஆளைப் பிடித்துத் தனியாக உட்காரவைப்பது. பஸ் முதலாளியே வந்து பொன்னாடை போட்டார். டிரைவருக்கு எதிர்ப்பக்கம், வாசலை ஒட்டி இருந்த ஒற்றை சீட்டுக்கு வெள்ளைத் துண்டு விரித்து, மேலே சிவப்புப் பெயிண்டில் "ஆவுடைத்தாய் அம்மாள் அவர்களுக்கு மட்டும்" என்று எழுதினார்கள். எல்லாரும் கைதட்டினார்கள். ஆவுடைத்தாய் வாயெல்லாம் பல்லாக நின்றாள். ஒரு பாயில் ஒன்பதாவதாகக் கிடந்தவளுக்குப் பெயர் எழுதிய இடம் கிடைத்தால் சந்தோசமாக இருக்காதா? இரண்டு நாள் சந்தோசமாகத்தான் இருந்தது.

மூன்றாம் நாள் அவளுக்குக் கைகால் குளிர்ந்தது. பக்கத்தில் ஆள் இல்லை. கூட்டம் எத்தனை வந்தாலும் அந்த வெள்ளைத் துண்டைச் சுற்றி ஒரு கை தூரம் விட்டே நின்றது. பஸ் குலுங்கி யார் முழங்கையாவது பட்டுவிட்டால், தெரியாமல் மிதித்துவிட்டதுபோல அவளைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள். "ஆவுடையக்கா" போய் "அம்மா" வந்தது. தும்மல் வந்தவர்கள்கூட மூக்கைப் பொத்திக்கொண்டு அடக்கினார்கள்.

"தம்பி கொம்பையா, நான் பின்னாடி போயி அந்த ரெண்டு பேருக்கு நடுவுல இருந்துக்கிடுதேன்."

"ஐயையோ, நீங்க போயி நெருக்கத்துலயாம்மா? எங்களுக்குல்லா பாவம்!"

கேட்காமல் எழுந்து போனாள். இரண்டு பேர் இருந்த சீட்டின் முன்னால் நின்று "கொஞ்சம் தள்ளி உக்காருங்க தாயீ" என்றாள். இரண்டு பேரும் படக்கென்று எழுந்து, "நீங்க உக்காருங்கம்மா" என்று கையைக் கட்டிக்கொண்டு நின்றார்கள். அடுத்த சீட்டுக்குப் போனாள், அவர்களும் எழுந்தார்கள். அவள் போகப்போக சீட்டு சீட்டாக எழுந்து நின்றார்கள், பின்பக்கத்துக் கடைசிவரை. யாரைத் தள்ளச் சொல்லுவது? காலிச் சீட்டுகளுக்கு நடுவில் நின்று ஆவுடைத்தாய் அழுதாள். மரியாதை செய்தது அவள் மனசைத் தொட்டுவிட்டது என்று ஜனங்கள் பேசிக்கொண்டார்கள்.

கல்யாண வீடுகளிலும் அதே கதை. வாசலில் சேர் போட்டு, முதல் இலை போட்டு, தனி அறையில் வைத்துப் பரிமாறினார்கள். பாயசம் இரண்டு தடவை வந்தது. பக்கத்து இலைதான் வரவில்லை.

சித்திரைக்குள் பஸ் சுருங்கிவிட்டது. கொக்கிகளைக் கழற்றினார்கள், கயிற்றை அறுத்தார்கள். "மொதலாளி வண்டியை மாத்திப்புட்டான்" என்று சிலர் சொன்னார்கள், வெயிலுக்கு இரும்பு சுருங்கும் என்று சிலர் சொன்னார்கள், வெயிலுக்கு விரியத்தானே செய்யும் என்று ஜெபசீலி டீச்சர் மட்டும் முணுமுணுத்தார். மறுபடி படிக்கட்டில் தொங்கினார்கள், மறுபடி ஒருத்தர் முதுகில் ஒருத்தர் வேர்வை. அதற்கு நடுவிலும் அந்த ஒற்றைச் சீட்டைச் சுற்றி மட்டும் ஒரு கை தூரம் அப்படியே கிடந்தது.

வீடோ, விட்டதைப் பிடிக்கிறதுபோல விரிந்தது. மூன்று அறையும் திரும்பி வந்தன, வந்ததோடு நிற்கவில்லை. கட்டிலிலிருந்து சுவிட்சுக்கு எட்டுக் காலடி இருந்தது இருபதாயிற்று, நாற்பதாயிற்று. நாலாவதாக ஒரு அறை முளைத்திருந்தது. அதற்குள் எட்டிப்பார்த்தபோது அதற்கு அந்தப் பக்கம் ஐந்தாவது தெரிந்தது. அடுப்படிக்குப் போய்வரக் கால் கடுத்ததால் குழம்பு வைப்பதை விட்டாள். "யாரும் இருக்கீயளா?" என்று ஒரு நாள் சும்மா கூப்பிட்டுப் பார்த்தாள், அவள் குரல் போய்த் திரும்பி வருவதற்குள் கண்ணயர்ந்துவிட்டாள். வாசலுக்கு வர முதலில் கால் மணி, பிறகு அரைமணி, பிறகு ஒரு மணி நேரம் நடக்கவேண்டியிருந்தது. ஆவுடைத்தாய்க்குப் பயம் பிடித்தது. இப்படியே போனால் ஒரு நாள் தன் வீட்டு வாசலை நடந்து தொடமுடியாமல் நடு வீட்டிலேயே விழுந்து கிடப்போம், கிடப்பது யாருக்கும் தெரியாது என்று அவளுக்குப் புரிந்துபோயிற்று.

வைகாசியில் ஒரு திங்கட்கிழமை, ஐந்தரை மணிக்கே கட்டிலைவிட்டு இறங்கி நடந்தாள். தூரத்தில் வாசல் ஒரு தீக்குச்சி அளவுக்கு வெளிச்சமாகத் தெரிந்தது. உட்கார்ந்து உட்கார்ந்து நடந்தாள், சொம்பில் தண்ணீர் கொண்டுபோனாள், அதுவும் தீர்ந்தது. பஸ் ஹாரன் கேட்டபோது இன்னும் ஒரு அறை தூரம் கிடந்தது. ஒரு தடவை அடித்தது, இரண்டாவது தடவை அடித்தது. அவள் சேலையைத் தூக்கிச் சொருகிக்கொண்டு ஓடினாள். ஐம்பத்து நாலு வயதில், அந்த இடுப்பை வைத்துக்கொண்டு, தன் சொந்த வீட்டுக்குள்ளேயே ஓடினாள். மூன்றாவது ஹாரனுக்கு வாசலைத் தொட்டுவிட்டாள்.

பஸ் அடைத்துக்கொண்டு நின்றது. வழி விட்டார்கள், கும்பிட்டார்கள். வெள்ளைத் துண்டின் மேல் போய் விழுந்தாள். மூச்சு வாங்கியது. நாளைக்கு இந்த ஓட்டம் ஓட முடியாது, இன்றைக்கு வந்ததுதான் கடைசி என்று நினைத்தாள். கண்ணை மூடிக்கொண்டாள்.

அப்போது கூட்டத்துக்குள் ஒரு சலசலப்பு. "ஏ டீச்சர், அங்க எங்க போறீங்க?", "டீச்சர், அது அம்மா சீட்டுல்லா!" என்று குரல்கள். யாரோ ஒருத்தர் அந்த ஒரு கை தூரத்தைத் தாண்டிக் காலை வைத்தார்.

"கொஞ்சம் தள்ளி உக்காருங்க."

ஆவுடைத்தாய் கண்ணைத் திறந்தாள். முன்னால் ஜெபசீலி டீச்சர் நின்றுகொண்டிருந்தார், வேர்த்து விறுவிறுத்து, சேலை மடிப்பெல்லாம் கலைந்து. பிறந்ததிலிருந்து ஊரையே தள்ளச் சொன்னவள்தான் ஆவுடைத்தாய். தன்னைப் பார்த்து அந்த வார்த்தையை யாரும் சொல்லிக் கேட்டதில்லை. எந்தப் பக்கம் தள்ளுவது, எப்படித் தள்ளுவது என்று அவளுக்குத் தெரியவில்லை. திருதிருவென்று விழித்தாள்.

"டீச்சர், இது ஒத்தச் சீட்டு."

"தெரியும். தள்ளுங்கக்கா."

சொல்லி முடிப்பதற்குள் டீச்சர் இடுப்பைக் கொடுத்து இறங்கிவிட்டார். ஒல்லி இடுப்பு, எலும்பு குத்தியது. ஆவுடைத்தாயின் விலாவில் அந்தச் சூடு பட்டபோது அவள் உடம்பு ஒரு தடவை தூக்கிப்போட்டது. டீச்சர் ஹேண்ட்பேக்கைத் தோளிலிருந்து கழற்றி, "இதைக் கொஞ்சம் வச்சிருங்க" என்று அவள் மடியில் போட்டார். ஐந்து வருசம் வேலியாக நின்ற பை அது. பிறகு டீச்சர் தொண்டையைச் செருமிக்கொண்டு, முகத்தைத் திருப்பாமல், பாடம் கேட்கிற குரலில் கேட்டார்.

"இன்னைக்கு என்ன கொழம்பு?"

ஆவுடைத்தாய் பையைத் தடவினாள். "வைக்கல டீச்சர். ஒரு மாசமா வைக்கல. அடுப்படி ரொம்பத் தொலைவாப் போச்சு."

"எங்க வீட்டுல புளிக்கொழம்பு. ரெண்டு நாளா அதேதான். யாரும் கேக்க மாட்டாங்க, நீங்க ஒருத்திதான் கேப்பீங்க. அஞ்சு வருசமா வாய்க்குள்ளேயே பதில் சொல்லிக்கிட்டிருந்தேன்." சொல்லிக்கொண்டே வந்த டீச்சருக்கு வத்தல் நெடி ஏறி, பஸ்ஸே அதிர ஒரு தும்மல் வந்தது. அடக்கவில்லை. இரண்டாவதும் தும்மினார்.

ஆவுடைத்தாய் அழுதாளா சிரித்தாளா என்று கிட்டே நின்றவர்களுக்கே சரியாகத் தெரியவில்லை. ஹேண்ட்பேக்கைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு, இடது பக்கமாக ஒரு சாண் தள்ளி உட்கார்ந்தாள். தள்ளிய இடத்தில் ஒரு ஆள் உட்காரலாம்போல் இருந்தது. முத்துக்கனி கொஞ்சம் யோசித்துப் பார்த்துவிட்டு வந்து உட்கார்ந்தாள். இன்னும் கிடந்தது. வெள்ளைத் துண்டு யார் காலுக்கடியிலோ போனது, சிவப்பு எழுத்தின் மேல் யாரோ சாய்ந்துகொண்டார்கள், படிக்கட்டில் தொங்கியவர்கள் ஒவ்வொருத்தராக உள்ளே வந்தார்கள். கொம்பையா எக்கிப் பார்த்தான். பஸ்ஸின் பின்பக்கம் எங்கோ போய்க்கொண்டிருந்தது.

"பின்னாடி போங்க, பின்னாடி போங்க, எடம் கெடக்கு!" என்று கத்தினான். எல்லா கண்டக்டரும் கத்துவதுதான். அவன் ஒருத்தன்தான் உண்மையைச் சொன்னான்.

அன்றைக்குச் சாயங்காலம் ஆவுடைத்தாய் வீட்டுக்கு வந்து, வாசலில் நின்று, மூச்சை நன்றாக இழுத்துவிட்டுக்கொண்டு, சேலையைச் சொருகிக்கொண்டு, நீண்ட நடைக்குத் தயாராகக் கதவைத் தள்ளி ஒரு எட்டு வைத்தாள். முழங்கால் கட்டிலில் இடித்தது.

வலி உயிர் போயிற்று. முழங்காலைத் தேய்த்துக்கொண்டே, "கொஞ்சம் தள்ளிக்கோயேன்" என்று கட்டிலிடம் சொல்லிவிட்டு, அதில் உட்கார்ந்தபடியே கையை நீட்டி அடுப்பைப் பற்றவைத்தாள்.